ஓ.பி.ஜி. படத்தில் தாடை எலும்பின் உயரத்தை அளப்பது எப்படி?

இம்ப்ளான்ட் (பல் இல்லாத இடத்தில் எலும்புக்குள் இறக்கும் செயற்கை வேர்) வைக்கக் கற்றுக்கொள்ளும் பலரும் ஓ.பி.ஜி. படத்தின் (இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே) மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, '15 மி.மீ. எலும்பு இருக்கிறது' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்த 15 படத்தின் உயரம்தான், எலும்பின் உயரம் அல்ல. ஓ.பி.ஜி.யில் எல்லாமே பெரிதாகத்தான் விழும். எவ்வளவு பெரிதாக என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். நோயாளி தலையைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்தாலும் மாறும். கையேட்டில் 25 சதவீதம் என்று போட்டிருந்தாலும் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கீழ் இடது முதல் கடைவாய்ப் பல் (பல் எண் 36) இல்லாத இடத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் 5 மி.மீ. எஃகு பால்ரஸ் ஒன்று வேண்டும். அளவு தெரிந்த இந்தக் குண்டு படத்தில் எவ்வளவு பெரிதாகிறது என்று பார்த்துத்தான் எலும்பின் உயரத்தைக் கணக்கிடப் போகிறோம். சைக்கிள் கடைக் குண்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. 3/16 அங்குலக் குண்டு 4.76 மி.மீ.தான் இருக்கும். எதை வாங்கினாலும் காலிப்பரில் அளந்துவிடுங்கள். நோயாளியின் பல் அச்சு மாதிரியின் மேல் அக்ரிலிக் ஸ்டென்ட் (பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் தகடு) செய்து, 36 வரவேண்டிய இடத்தில், எலும்பு மேட்டுக்கு நேர் மேலே குண்டைப் பதியுங்கள். வெறும் மெழுகில் ஒட்டினால் கழன்று தொண்டைக்குள் போய்விடலாம்.

ஸ்டென்ட் வாயில் இருக்கும்போதே ஓ.பி.ஜி. எடுங்கள். படம் வந்ததும் எலும்பைப் பார்க்கும் முன் குண்டைப் பாருங்கள். முட்டை போல நன்றாக நீண்டிருந்தால் தலை சரியாக நிற்கவில்லை என்று பொருள். லேசான வித்தியாசம்தான் என்றால் பரவாயில்லை, ஆனால் குண்டின் மேல்-கீழ் அளவை மட்டும் எடுங்கள். நமக்கு வேண்டியது உயரம்.

அடுத்து, எலும்பு மேட்டின் உச்சியிலிருந்து நரம்புக் குழாயின் (கீழ்த்தாடை எலும்புக்குள் நரம்பு ஓடும் பாதை) மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த விளிம்பு பல படங்களில் மங்கலாகத்தான் தெரியும். மென்டல் ஃபோரமெனை (அந்த நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் துளை) கண்டுபிடித்து, அங்கிருந்து பின்பக்கமாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தால் கிடைத்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். படத்தில் எலும்பு 15 மி.மீ., குண்டு 6.25 மி.மீ. என்றால் 15 × 5 ÷ 6.25 = 12. எலும்பின் உண்மையான உயரம் 12 மி.மீ. நரம்புக்கு மேல் 2 மி.மீ. விட்டுவிட்டால் 10 மி.மீ. இம்ப்ளான்ட். ஸ்கேலை நம்பியிருந்தால் 13 மி.மீ. எடுத்திருப்போம், நரம்பில் இறங்கியிருக்கும், உதடு மரத்துப்போயிருக்கும்.

இன்னும் இரண்டு கழித்தல் உண்டு. மேட்டின் உச்சி கத்தி முனை போல மெலிந்திருந்தால் அதைச் சீவ வேண்டிவரும், உயரம் அந்த அளவுக்குக் குறையும். அப்புறம், பல கம்பெனி டிரில்களில் கூர்முனை, குறித்திருக்கும் நீளத்தில் சேராது. கிட் கையேட்டில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் கடைவாயிலும் இதே கணக்குத்தான். நரம்புக்குப் பதில் சைனஸின் (மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலுள்ள காற்றறை) தரை. மென்டல் ஃபோரமெனுக்கு முன்னால் வைப்பதானால், நரம்பு சில பேருக்கு முன்னே வளைந்து போய்த் திரும்பும் என்பதை மறக்காதீர்கள்.

எலும்பின் அகலத்தை ஓ.பி.ஜி. காட்டாது. கீழ்த்தாடையின் நாக்குப் பக்கக் குழிவையும் காட்டாது. உயரம் 12 வந்தாலும் அந்தக் குழிவில் டிரில் வெளியே வந்துவிட்டால், நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டி மூச்சுப்பாதையையே அடைக்கலாம். அதனால் விரலால் அந்தப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டாலோ குழாயின் விளிம்பு தெரியாவிட்டாலோ, சி.பி.சி.டி. (முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) எடுக்க அனுப்பிவிடுங்கள். அதில் பால்ரஸ் தேவையில்லை. நரம்புக்கு மேல் விடும் அந்த 2 மி.மீ. மட்டும் அப்போதும் வேண்டும்.