பிராசசரை அழுத்தாதீர்கள், லீவரைத்தான் அழுத்த வேண்டும்

போன ஆடியில் சித்தி மகன் கோவையில் கணினி கட்டப் பாகங்களை வாங்கிக்கொண்டு நேராகப் பல்லடத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். "நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்ணா, நானே மாட்டிக்கறனுங்" என்றான். நானும் சும்மாதான் நின்றேன். கணினியின் மூளையான பிராசசர், அதற்கான சாக்கெட் என்ற இடத்தில் சரியாக உட்காரவில்லை என்று கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். மூலையில் நாலைந்து பின், அதாவது மின்தொடர்பு ஊசி, மடங்கிப் போயிற்று.

அவன் வாங்கியது இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ 1700 வகைச் சாக்கெட். பெயரில் இருக்கும் 1700 என்பது பின்களின் கணக்கு. அவை இருப்பது எல்லாப் பாகங்களையும் மாட்டும் பலகையான மதர்போர்டில், மயிரிழை போல. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பழைய ஏஎம்4 வகையில் 1331 பின்களும் பிராசசரின் அடியில் இருக்கும். 2022இல் வந்த ஏஎம்5 முதல் அவர்களும் பின்களைப் போர்டுக்கு மாற்றிவிட்டார்கள். எதுவானாலும் முறை ஒன்றுதான். சாக்கெட்டைப் பூட்டும் கம்பியான லீவரை முழுக்கத் தூக்கி, பிராசசரிலும் சாக்கெட்டிலும் இருக்கும் முக்கோணக் குறிகளைப் பொருத்தி, பிராசசரை மேலிருந்து நேராக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். உட்காரவில்லை என்றால் திசை தப்பு.

வேடிக்கை என்னவென்றால், பிராசசரை அழுத்தத் தயங்காத அதே ஆள் லீவரை இறக்கும்போது பயந்து பாதியில் நிறுத்துவார். பின்கள் போர்டில் இருக்கும் எல்ஜிஏ வகையில் லீவர் இறுக்கமாகத்தான் இருக்கும், கறகறவென்று சத்தமும் வரும். அங்கேதான் பலம் வேண்டும். சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே பிடுங்க வேண்டாம். லீவர் இறங்கும்போது தானாகக் கழன்றுவிடும். அதைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று புழுதியைக் கொண்டுவரும். பக்கத்தில் தறி ஓடினால் பஞ்சும் சேரும். சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். சாக்கெட்டில் தூசு விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். துணியோ பட்ஸோ வைத்தால் நூல் சிக்கி, பின்னையும் இழுத்துக்கொண்டு வரும். கையால் அழுத்தும் ஊதுபந்து போதும்.

வாங்கும்போதே நடக்கும் தவறுகளும் உண்டு. ஏஎம்4 வகையான பழைய பி450 போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசைப் பிராசசர் ஓட வேண்டுமானால், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும், கடையிலேயே கேட்டுவிடுங்கள். இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் படம் வராது. பிராசசர் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் பக்கம் வந்தால், அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் ஏராளம். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். கூடவே வரும் கூலரில் ஏற்கெனவே தடவியிருந்தால் அதுவும் வேண்டாம். இன்டெல் கூலரின் நாலு கால்களையும் குறுக்காக, எதிரெதிராக அழுத்தி, போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஒரு கால் அரைகுறையாக நின்றாலும் சூடு ஏறும். ஈரோட்டு வெயில் நாற்பதைத் தொடும் சித்திரையில் கொஞ்சம் கூடுதல் சூடு சகஜம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதே பிராசசரின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டினால் உடனே நிறுத்திக் கூலரைப் பாருங்கள்.

ஏஎம்4இல் கூலரைக் கழற்றுவது தனிக்கலை. காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்திருக்கும். நேராக இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் பின்களோடு சேர்ந்து வந்துவிடும். கொஞ்ச நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் திருகி, அப்புறம் தூக்குங்கள்.

சித்தி மகனின் போர்டைக் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வாரண்டி கிடையாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பூரில் செல்போன் பழுதுபார்க்கும் ஒருவர் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தித் தந்தார். கணினி ஓடுகிறது. நினைவகம் மாட்டும் ஒரு ரேம் ஸ்லாட் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை.