தோலைத் திருப்பிப் பாருங்கள்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பொறி வைப்பவர்கள் கொண்டுவரும் உரோமத் தோலைத் தரம் பிரிப்பவர், மயிரை மட்டும் தடவிப் பார்த்து விலை சொல்வதில்லை, உட்புறத்தையும் பார்ப்பார். அது வெளுத்துப் பாலேட்டின் நிறத்தில் இருந்தால் மயிர் முழுமையாக வளர்ந்துவிட்டது என்று பொருள். நீலம் பாய்ந்து கறுத்திருந்தால் வளர்ச்சி இன்னும் முடியவில்லை, நிறமி மயிர்க்கால்களிலேயே தங்கியிருக்கிறது. விலை மளமளவென்று இறங்கிவிடும்.

ஆகவே பொறி வைக்கும் பருவம் திறந்ததுமே அவசரப்படாதீர்கள். கீரி போன்ற மிங்க்கின் மயிர் குளிர்காலத் தொடக்கத்திலேயே தேறிவிடும். நீரில் வாழும் கொறிக்கும் விலங்குகளான பெரிய பீவருக்கும் சிறிய மஸ்க்ராட்டுக்கும் குளிர்காலக் கடைசிவரை பொறுக்க வேண்டும். அதற்காக வசந்தம் முற்றும்வரை விட்டுவைத்தாலும் நஷ்டம்தான்: அவை தமக்குள் சண்டையிட்டுக் கடித்துத் தோலைப் பொத்தலாக்கிவிடும்.

நல்ல தோலைக் கையாளும் விதத்தில் கெடுப்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். கொழுப்பை ஒட்டச் சுரண்டி எடுங்கள். மிச்சம் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கி, பதனிடும்போது தோல் கிழியும். அடுப்பருகே காயவைக்கவே கூடாது. குளிர்ந்த, காற்றோட்டமான இடம் போதும். பீவரை நீள்வட்டமாக விரித்து ஆணியடியுங்கள். மஸ்க்ராட்டை மயிர் உட்பக்கம் இருக்கும்படியும், ஓநாய் போன்ற கயோட்டியை மயிர் வெளியே தெரியும்படியும் விற்பனைக்கு அனுப்புங்கள்.