கடற்பஞ்சைக் கையாள்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்த புதிய மாணவர்கள் கடற்பஞ்சுகளைக் கையாள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவனாக இருந்தபோது நான் செய்த பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் மீண்டும் நடந்தன. கடற்பஞ்சு தாவரமன்று, விலங்கு என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உச்சித் துளையை வாய் என்பது

கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலெங்கும் பரவியுள்ள ஆஸ்டியா எனப்படும் நுண்துளைகளின் வழியே நீர் நுழைகிறது. உள்ளேயிருக்கும் கொயனோசைட் செல்களின் கசையிழைகள் ஓயாமல் அடித்து அந்த நீரை இழுக்க, அச்செல்களின் கழுத்துப்பட்டையில் பாக்டீரியா போன்ற நுண்ணுணவு சிக்கிக்கொள்கிறது. எஞ்சிய நீர் உச்சியிலுள்ள ஆஸ்குலம் என்ற பெரிய துளையின் வழியே வெளியேறுகிறது. இப்படி நீர் வெளியே பாய்வதை விலங்கியலாளர் ராபர்ட் கிராண்ட் 1825-லேயே உற்றுநோக்கி எழுதிவிட்டார். ஐயமிருந்தால், தொட்டியில் உயிரோடிருக்கும் கடற்பஞ்சின் பக்கவாட்டில் ஒரு சொட்டு உணவுச் சாயத்தை மெல்ல விட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் அது உச்சியில் புகைபோலக் கிளம்பும்.

நீரிலிருந்து தூக்குவது

கடற்பஞ்சின் உள்ளே நீர் ஓடும் கால்வாய்களுக்குள் காற்று புகுந்தால் நீரோட்டம் அடைபடும். நீருக்குள் வைத்தே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

ஃபார்மலினில் போட்டு வைப்பது

இன்றளவும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். முதுகலை படித்த காலத்தில் உரிய அனுமதியுடன் எடுத்துவந்த, விரல்நுனி அளவேயான குவளை வடிவச் சுண்ணாம்புக் கடற்பஞ்சு ஒன்றை, தவளையையும் மீனையும் போடும் அதே ஃபார்மலினில் போட்டு, அழகாகப் பெயரும் எழுதி அலமாரியில் வைத்தேன். ஓராண்டு கழித்து இனத்தை உறுதிசெய்ய எடுத்தபோது உருவம் அப்படியே இருந்தது. ஆனால், நனைந்த காகிதம்போலத் துவண்டது. அதன் உடலை எலும்புபோலத் தாங்கும் மூன்று கதிர் முட்களை நுண்ணோக்கியில் தேடினேன், ஒன்றுகூட இல்லை. "சுண்ணாம்பை அமிலத்தில் ஊறப்போட்டுவிட்டு எலும்பைத் தேடுகிறாயே தம்பி" என்றார் ஆய்வகத்தின் மூத்த ஆய்வாளர்.

நடந்தது இதுதான்: நடுநிலையாக்கப்படாத ஃபார்மலின் நாளாக ஆக ஃபார்மிக் அமிலம் சேர்ந்து புளிக்கிறது; அந்த அமிலம் கால்சியம் கார்பனேட்டாலான ஸ்பிக்யூல் முட்களைக் கரைத்துவிடுகிறது. கடற்பஞ்சுகளின் நிறமும் உருவமும் வாழிடத்துக்கேற்ப மாறக்கூடியவை என்பதால் இனம் காண முட்களின் வடிவமும் அளவுமே பெரிதும் கைகொடுக்கின்றன. அவை போனபின் மிஞ்சுவது பெயரில்லாத தோல்தான். சிலிக்கா முட்கள் கொண்ட இனங்கள் இதில் தப்பிவிடுவதால், ஒரு முறை தப்பித்தவர் எப்போதும் தப்பலாம் என்று நம்பிவிடுகிறார்.

ஆகவே 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். கடற்பஞ்சுக்குள் தேங்கிய நீர் அதை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் மறுநாள் புதிய எத்தனால் மாற்றுங்கள். நிறம் வெளுத்துவிடும், அதனால் உயிரோடிருக்கும்போதே படமெடுத்துவிட வேண்டும். முட்களைப் பிரிக்கும் முன், சிறு துணுக்கின்மீது ஒரு சொட்டு வினிகர் விடுங்கள்: குமிழி பொங்கினால் அது சுண்ணாம்பு, அதன் அருகே அமிலத்தைக் கொண்டுபோகாதீர்கள். ப்ளீச் திரவம் சதையை மட்டும் கரைத்து இருவகை முட்களையும் விட்டுவைக்கும். ஆனால் ப்ளீச்சோடு அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; வினிகர் பட்ட துணுக்கை ப்ளீச்சில் போடாமல் புதிதாக ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள்.

வெறுங்கையால் தொடுவது

சிலிக்கா முள் என்பது கண்ணாடித் துகள். கையுறை அணியுங்கள்.

அனுமதியின்றிச் சேகரிப்பது

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் அங்கே ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது.

பேனாவால் சீட்டு எழுதுவது

மை எத்தனாலில் கரைந்துவிடும். பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்.