ஆங்கிலத்தில் கடினமான சொற்களைக் கற்பது எப்படி: எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள்

தேர்வுக்காகவோ வேலைக்காகவோ ஆங்கிலச் சொல்வளத்தைக் கூட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, எங்கிருந்தாவது ஓர் ஆயிரம் சொல் பட்டியலை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்வதுதான். அது அகரவரிசையில் இருக்கும். அபேட், அபெரன்ட், அபேயன்ஸ், அப்ஸ்காண்ட் என்று தொடங்கும். கொஞ்ச நாள் மும்முரமாகப் போகும், 'பி' வரிசை பாதியில் நின்றுவிடும், அப்புறம் ஒரு மாதம் கழித்து மறுபடியும் அபேட். உழைப்பில் குறையில்லை, முறையில்தான் கோளாறு. ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களை அடுத்தடுத்து அடுக்கினால் அவை ஒன்றோடொன்று கலந்துபோகும். பொருள் எதிரே எழுதியிருக்கும், அதைப் படித்தும் இருப்பீர்கள், ஆனால் ஒரு வாக்கியத்தில் அந்தச் சொல்லை வைக்கலாமா என்று கேட்டால் கை தயங்கும்.

இதில் சொல்லப்போவதெல்லாம் அந்தத் தயக்கத்தைப் போக்கும் வழிதான். சொற்களை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், ஸ்பெல்லிங்கை அகராதியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அப்படியே ஒலிப்பதிவையும் கேட்டுவிடுங்கள்.

முதலில் எந்தச் சொற்கள் என்று முடிவு செய்யுங்கள். பொதுவான ஆங்கில எழுத்தை உதவியில்லாமல் படிக்க சுமார் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷன் போட்ட கணக்கு. கேட்டவுடன் மலைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மேல்படிப்புக்கும் கட்டுரை எழுதவும் ஆங்கிலம் வேண்டுமென்றால், அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட் நல்ல தொடக்கம். 570 சொற்குடும்பங்கள்தான், எந்தத் துறைப் பாடநூலைத் திறந்தாலும் அவை திரும்பத் திரும்ப வரும். அதை முடிக்காமல் அபூர்வமான சொற்களின் பின்னால் ஓடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் படிக்கிற கட்டுரைகளில் உங்களைத் தடுத்து நிறுத்துகிற சொற்கள்தான் உங்கள் பட்டியல். ஒரே சொல் இரண்டாவது முறை எதிரே வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி ஒத்த சொல் விஷயத்துக்கு வருவோம், குழப்பமெல்லாம் இங்கேதான். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சொல் பட்டியல்களில் ஃப்ரூகல், த்ரிஃப்டி, பார்சிமோனியஸ், ஸ்டிஞ்சி நான்கும் நடுவில் காற்புள்ளியோடு ஒரே வரியில் கிடக்கும், படிக்கிறவரும் நான்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வார். ஒரு கட்டுரையில் யாரையாவது பாராட்ட நினைத்து ஸ்டிஞ்சி என்று எழுதினால் அது வசவாகிவிடும்.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்க எளிய வழி, ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல் என்ன என்று தனித்தனியாகக் கேட்பது. ஃப்ரூகலுக்கு எதிர் எக்ஸ்ட்ராவகன்ட், அதாவது ஆடம்பரமாகச் செலவழிப்பது. ஸ்டிஞ்சிக்கு எதிர் ஜெனரஸ், தாராள மனசு. பாருங்கள், முதல் சொல் தன் தேவைகளைச் சுருக்கிக்கொள்வதைப் பற்றியது, இரண்டாவது அடுத்தவருக்குக் கொடுக்க மனம் வராததைப் பற்றியது. ஒருவர் ஃப்ரூகலாகவும் ஜெனரஸாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஸ்டிஞ்சியாகவும் ஜெனரஸாகவும் இருக்க முடியாது. த்ரிஃப்டிக்கு எதிர் வேஸ்ட்ஃபுல். அது காசைப் பார்த்துச் செலவு செய்வதைப் பாராட்டும் சொல். (ஆனால் ஸ்பெண்ட்த்ரிஃப்ட் என்றால் ஊதாரி, உள்ளே இருக்கும் த்ரிஃப்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) பார்சிமோனியஸ் பொதுவாகக் குறை சொல்லும் சொல், ஆனால் அறிவியலில் ஒரு விளக்கத்தைப் பார்சிமோனியஸ் என்றால் அது பாராட்டு, குறைந்த அனுமானங்களை வைத்தே விஷயத்தை விளக்கிவிடுகிறது என்று பொருள். ஃப்ரூகல் மனிதரோடு நிற்பதில்லை, எளிமையான சாப்பாட்டை ஃப்ரூகல் மீல் என்பார்கள், அதற்கு எதிர் லாவிஷ். எதிர்ச்சொல்லைத் தேடப் போனதில் எவ்வளவு வேறுபாடு வெளியே வந்துவிட்டது!

இதே கேள்வியை கேண்டிட், ப்ளண்ட் என்ற ஜோடியிடம் கேளுங்கள். இரண்டுமே உள்ளதை உள்ளபடி பேசுவதுதான். ஆனால் கேண்டிடுக்கு எதிர் எவேசிவ், பிடி கொடுக்காமல் நழுவிப் பேசுவது. ப்ளண்டுக்கு எதிர் டாக்ட்ஃபுல், அடுத்தவர் மனசு நோகாமல் பக்குவமாகச் சொல்வது. ஒன்று உண்மையை மறைக்கிறாரா இல்லையா என்பது, மற்றது எப்படிச் சொல்கிறார் என்பது.

ஆங்கிலத்தில் ஏன் இத்தனை ஒத்த சொற்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது, அறிஞர்கள் லத்தீனில் எழுதினார்கள், மக்கள் பழைய ஆங்கிலச் சொற்களை விடவில்லை. அதனால்தான் ஆஸ்க், க்வெஸ்டியன், இன்டராகேட் என்று மூன்று அடுக்கு. முதலாவது அன்றாடப் பேச்சுக்கு, இரண்டாவது கொஞ்சம் முறைப்படியானது, மூன்றாவது போலீஸ் விசாரணைக்குப் பொருந்துவது. பொருளோடு கூட ஒரு சொல் இந்த அடுக்கில் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொண்டால், நண்பருக்கு அனுப்பும் மெசேஜில் கடினமான சொல்லைத் திணிக்கிற தவறு நேராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒத்த சொல், எதிர்ச்சொல் இரண்டும் முக்கியம் என்று சொன்னதால், எல்லாப் புதிய சொற்களையும் ஜோடி ஜோடியாக ஒரே நாளில் படிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். லொக்வேஷஸ், டாசிடர்ன் இரண்டையும் ஒரே நாளில் புதிதாகக் கற்றால், ஒன்று ஓயாமல் பேசுபவர், இன்னொன்று பேசவே யோசிப்பவர் என்பது ஞாபகம் இருக்கும், எது எது என்பது மறந்துபோகும். புதியது ஒன்று, துணைக்கு ஏற்கெனவே தெரிந்தவை இரண்டு, இதுதான் பாதுகாப்பான கணக்கு. லொக்வேஷஸுக்கு அருகில் டாக்கெட்டிவ், எதிரில் க்வயட். அது நன்றாகப் பதிந்து சில வாரம் கழிந்ததும் க்வயட் இருந்த இடத்தில் டாசிடர்னைக் கொண்டுவந்து வைக்கலாம்.

நோட்டில் ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும்? மிட்டிகேட் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் நீங்கள் அதைப் பார்த்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அடுத்து பொருள், உங்கள் சொற்களில்: கெட்டது ஒன்றின் கடுமையைக் குறைப்பது, முழுவதும் நீக்குவது அல்ல. இந்த 'முழுவதும் நீக்குவது அல்ல' என்ற பகுதிதான் உயிர், அதை விட்டுவிட்டால் பிரிவென்ட் என்ற சொல்லோடு குழம்பிவிடும். பிறகு அருகில் இருக்கும் சொல்: அலீவியேட். அது பெரும்பாலும் வலி, துன்பம், வறுமை ஆகியவற்றோடு வரும். மிட்டிகேட் ஆபத்து, பாதிப்பு, விளைவு ஆகியவற்றோடு வரும். எதிர்ச்சொல் அக்ரவேட். நீதிமன்றச் செய்திகளில் இந்த இரண்டும் எதிரும் புதிருமாக நிற்பதைப் பார்க்கலாம்: தண்டனையைக் குறைக்கச் சொல்லும் காரணங்கள் மிட்டிகேட்டிங் ஃபேக்டர்ஸ், கூட்டச் சொல்லும் காரணங்கள் அக்ரவேட்டிங் ஃபேக்டர்ஸ். கடைசியாக உங்கள் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஒரு வாக்கியம், நீங்களே எழுதியது. ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் இப்படிப் படித்த ஐந்து சொற்கள் கையோடு நிற்கும், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் போகவும் வேண்டாம்.

பொருளுக்கு எந்த அகராதி? ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே இருக்கும் லர்னர்ஸ் டிக்ஷனரி. லாங்மேன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களை வைத்தே மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறது, ஒரு கடினச் சொல்லைத் தேடப்போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். தமிழ்ப் பொருளும் தாராளமாக எழுதிக்கொள்ளலாம், சட்டென்று பிடிபடுவது அதுதான், ஆனால் எல்லையைக் காட்ட அந்த ஆங்கில விளக்கம் பக்கத்தில் வேண்டும். ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ் வேறு சங்கதி. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸ், சொற்களை அகரவரிசையில் அல்லாமல் கருத்து வாரியாகத் தொகுத்தது. ஏற்கெனவே தெரிந்த சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது அதை எடுத்துக் கொடுக்கத்தான் அப்படி ஒரு நூல் உதவும். அதில் முன்பின் பார்த்திராத சொல்லை எடுத்துக் கட்டுரையில் வைக்காதீர்கள்.

எதிர்ச்சொல்லில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, முன்னொட்டைப் பார்த்து முடிவு கட்டுவது. இன்ஃபேமஸ் என்றால் புகழில்லாதவர் என்று பொருள் அல்ல, கெட்ட பெயர் எடுத்தவர். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பற்றது. இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது, ஃப்ளேமபிளும் அதேதான். இரண்டு, எதிர்ச்சொல் சொல்லுக்கு அல்ல, சொல்லின் ஒரு பொருளுக்குத்தான் என்பதை மறப்பது. லைட்டுக்கு எதிர் ஹெவியும் உண்டு, டார்க்கும் உண்டு. சேங்ஷன் இன்னும் விநோதம், அனுமதி கொடுப்பதும் அதுதான், ஒரு நாட்டின் மேல் தடை விதிப்பதும் அதுதான், அதனால் எதிர்ச்சொல் எழுதுமுன் வாக்கியத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

வேர்ச்சொற்கள் கொஞ்சம் தெரிந்திருந்தால் உதவி. லத்தீனில் 'பெனே' நல்லது, 'மாலே' கெட்டது; பெனவலன்ட், மெலவலன்ட் இரண்டும் அப்படியே எதிர்ச்சொற்களாகக் கிடைத்துவிடும். அதை ஞாபகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொருளை ஊகிக்க அதையே நம்ப வேண்டாம்.

அப்புறம் மறதி. உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் மேலேயே சோதனை செய்து காட்டியது, படித்தவற்றில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே போய்விடுகிறது, பிறகு மறக்கும் வேகம் குறைகிறது. ஆகவே மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். செபாஸ்டியன் லைட்னர் சொன்ன அட்டைப் பெட்டி முறை இதற்குத்தான்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். அங்கி என்ற ஃப்ளாஷ்கார்டு ஆப் இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அட்டையில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று மட்டும் போடாதீர்கள். கோடிட்ட இடம் உள்ள வாக்கியம் ஒன்று போட்டு, பின்பக்கம் சொல்லையும் எதிர்ச்சொல்லையும் எழுதுங்கள். பார்த்து அடையாளம் காண்பது சுலபம், வெறும் இடத்தை நிரப்பும்போதுதான் உண்மையில் தெரியுமா என்பது தெரியும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில் தனியாக இருந்த எதிர்ச்சொல் பகுதியை 2011-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது இருக்கும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வியில், ஆறு சொற்களிலிருந்து வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆறில் ஒத்த சொல் ஜோடி ஒன்று வாக்கியத்துக்குப் பொருந்தாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம், மனப்பாடம் செய்தவர் அதில்தான் கை வைப்பார். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், அங்கேயும் சொல் அபூர்வமானதா என்பதோடு எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதையும் பார்க்கிறார்கள். கட்டுரையில் கடினச் சொல் ஒன்றை எழுதியதும், அதன் எதிர்ச்சொல்லை அதே இடத்தில் வைத்து வாக்கியத்தை மனசுக்குள் படித்துப் பாருங்கள். பொருள் அப்படியே தலைகீழானால் சொல் சரியான இடத்தில் இருக்கிறது. வாக்கியம் அர்த்தமில்லாமல் போனால், நீங்கள் நினைத்த பொருளில் அந்தச் சொல் வரவில்லை, எளிய சொல்லையே போட்டுவிட்டு மேலே போங்கள்.