குடும்பப் படங்களுக்குக் காப்பு நகல்: எடுப்பதும் மீட்பதும்

பல ஆண்டுகளாகச் செல்பேசியில் எடுத்துக் குவித்த படங்கள் எங்கே பத்திரமாக இருக்கின்றன என்று கேட்டால், கூகுள் போட்டோஸில் இருக்கின்றன என்றே பலரும் சொல்வார்கள். முதலில் அந்தப் பதிலைத்தான் சோதிக்க வேண்டும். கூகுள் போட்டோஸும் ஆப்பிளின் ஐகிளவுடும் ஒத்திசைவுச் சேவைகள். செல்பேசியில் அவற்றின் செயலிக்குள் ஒரு படத்தை நீக்கினால் அது அங்கேயும் நீங்கிவிடும். கூகுளின் குப்பைத்தொட்டியில் 60 நாட்களும் ஐகிளவுடில் 30 நாட்களும் இருந்துவிட்டு, பிறகு நிரந்தரமாக அழிந்துபோகும். செல்பேசியில் இடத்தைக் காலியாக்கும் பொத்தானை அழுத்தியவர்களுக்கோ, கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பகத்தில், இருப்பதே எஞ்சிய ஒரே நகல். வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பியதை நகல் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. சாதாரணமாக அனுப்பும் படத்தின் அளவு அங்கே சுருக்கப்படுகிறது, எடுத்த தேதி உள்ளிட்ட விவரங்களும் நீங்கிவிடுகின்றன.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்னும் விதி இதற்கு நல்ல அளவுகோல்: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒன்றாவது வேறோர் இடத்தில். வீட்டுக் கணினி, ஒரு வெளி ஹார்டு டிஸ்க், ஒரு கிளவுடு கணக்கு என்று வைத்துக்கொண்டால் விதி நிறைவேறும். கிளவுடுக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள், இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சகோதரர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்று தரைத்தள வீட்டுக்குள் புகுந்தால், ஒரே மேசையில் இருக்கும் கணினியும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும்.

நகலெடுக்கும் முன் எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்ட வேண்டும். கூகுளில் உள்ளவற்றை டேக்அவுட் சேவை வழியாகத் தரவிறக்கலாம்; 2 ஜிபி என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும் கோப்பு அளவை 50 ஜிபி என்று மாற்றிவிட்டால் எண்ணற்ற ஜிப் கோப்புகளோடு போராட வேண்டியிருக்காது. படங்களோடு வரும் ஜேசான் கோப்புகளில் எடுத்த தேதியும் நாம் எழுதிய குறிப்புகளும் இருப்பதால், குப்பை என்று எண்ணி அவற்றை அழித்துவிட வேண்டாம். பிறகு ஆண்டு, மாதம் என்று கோப்புறைகள் அமைத்தாலே போதும். படங்களைத் திருத்தவும் தொகுக்கவும் உதவும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளைப் பயன்படுத்துவோர், அது எடுக்கும் காப்பு கேட்டலாக்கை (படங்களின் பட்டியலையும் திருத்த விவரங்களையும்) மட்டுமே காக்கிறது, படங்களைக் காப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது.

ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் உதவும். அதில் ‘மிரர்’ முறையைத் தேர்ந்தெடுத்தால், கணினியில் தவறுதலாக நீக்கியவை ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் நீக்கப்படும். ‘அப்டேட்’ முறையோ புதியவற்றையும் மாறியவற்றையும் மட்டும் சேர்க்கும். குடும்பப் படங்களுக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். நகலெடுத்து முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, வெவ்வேறு ஆண்டுகளின் படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதால் மட்டும் படம் முழுமையாக இருப்பதாகக் கொள்ள முடியாது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள்; எப்போதும் செருகியே இருந்தால், கணினியைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

இனி, நகல் இல்லாமலே படங்கள் அழிந்துவிட்ட நிலை. கேமராவின் மெமரி கார்டில் ஒரு படத்தை அழிக்கும்போது, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, படத்தின் தரவு பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. அடுத்து எடுக்கும் படம் அதன்மேல் எழுதப்படும்போதுதான் அது உண்மையில் அழிகிறது. ஆகவே தவறு தெரிந்த கணமே கார்டைக் கழற்றிவிட வேண்டும். சோதிப்பதற்காகக்கூட இன்னொரு படம் எடுக்கக் கூடாது. கார்டு ரீடரில் செருகும்போது, ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கார்டு முழுவதையும் படித்து, படக்கோப்புகளின் தொடக்க அடையாளங்களைக் கொண்டு அவற்றைத் தேடி எடுக்கும். மீட்டவற்றை அதே கார்டில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். கணினியில் தனிக் கோப்புறை ஒன்றைக் காட்டுங்கள்.

செல்பேசியின் உள் நினைவகம் மறையாக்கம் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யப்பட்டிருப்பதாலும், கணினிகளில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வரும் சிப் வகைச் சேமிப்புச் சாதனங்களான எஸ்எஸ்டிகளில் ட்ரிம் என்னும் செயல்பாடு நீக்கிய தரவின் இடத்தைத் துடைத்துவிடுவதாலும், இந்த முறை அங்கே அநேகமாகப் பலிக்காது. அங்கே குப்பைத்தொட்டியையும் பழைய நகல்களையுமே தேட வேண்டும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து வழக்கமில்லாத ‘டிக் டிக்’ ஒலி கேட்டால் எந்த மென்பொருளையும் ஓட்டாமல், உடனே நிறுத்தித் தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டு செல்லுங்கள்.

போட்டோரெக் மீட்ட கோப்புகளுக்குப் பழைய பெயர்கள் இருக்காது. படத்தின் உள்ளே பதிவாகியிருக்கும் தேதியைக் கொண்டு வரிசைப்படுத்தி, கணினியிலும் வெளி ஹார்டு டிஸ்க்கிலும் வைத்து, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யலாம்.