பாராலீகல் சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

போன மாதம் என் அண்ணன் மகள் ஒரு நோட்டீஸைக் கொண்டு வந்து காட்டினாள். பாராலீகல், அதாவது வக்கீலுக்குச் சட்ட வேலையில் உதவியாளராக இருப்பதற்கான சான்றிதழ், ஆறு மாதம், சனி ஞாயிறு வகுப்பு, கட்டணம் 35,000 ரூபாய். கீழே பொடி எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி'. "சேரலாமா அத்தை?" என்றாள்.

நான் மதுரையில் வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டு தூக்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. இப்படி ஒரு சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் அவளுக்கு ஒரே வார்த்தையில் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியவில்லை. பேப்பர் பேனாவை எடுத்து வரச் சொன்னேன்.

35,000க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 6,300. ஆக 41,300. இதோடு நிறுத்திவிடக் கூடாது. அவள் வேலை பார்ப்பது ஜவுளிக்கடையில், நாள் கூலி 350. சனி, ஞாயிறு லீவு போட்டால் மாதம் எட்டு நாள், 2,800 போகும். ஆறு மாதத்துக்கு 16,800. மொத்தம் 58,100. பஸ் செலவையும் நகையை அடகு வைத்தால் வரும் வட்டியையும் நான் சேர்க்கவில்லை.

வரவுப் பக்கம் அவள் எழுதியது: கடையில் மாதம் 10,500, வக்கீல் ஆபீஸில் 12,000, ஆக 1,500 லாபம். அப்படிப் பார்த்தாலே போட்ட காசு திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் கணக்கே தப்பு. கடைச் சம்பளத்தையும் ஆபீஸ் சம்பளத்தையும் ஒப்பிட்டு என்ன பயன்? அதே ஆபீஸில் சர்டிபிகேட் இல்லாமல் போய் நின்றால் என்ன தருவார்கள், இருந்தால் என்ன தருவார்கள்? அந்த வித்தியாசம்தான் சர்டிபிகேட்டின் விலை. அதைப் பயிற்சி மையத்தில் கேட்காதீர்கள், சம்பளம் கொடுக்கப் போகிறவரிடம் கேளுங்கள்.

மூன்று இடத்தில் விசாரிக்கச் சொன்னேன். முதல் வக்கீல் கேட்டது "டைப் பாஸா?" இரண்டாமவர் "ஈ-பைலிங் (இணையத்தில் வழக்குத் தாக்கல்) தெரியுமா?" சர்டிபிகேட் இருந்தால் கூடுதலா என்று இவள் கேட்டதற்கு இருவருமே சிரித்திருக்கிறார்கள். மூன்றாவது, ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவு. அங்கே மட்டும், டிகிரியோடு பல்கலைக்கழக டிப்ளமோ இருந்தால் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்போம் என்றார்களாம்.

என் கதையும் கிட்டத்தட்ட இதுதான். முதல் நாள் சீனியர் என் சர்டிபிகேட்டை மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்துவிட்டு ஒரு பிராதை (வழக்கு மனுவை) கையில் கொடுத்தார். பைல் செய்தேன். நாலாம் நாள் ரிட்டர்ன் ஆகி, அதாவது குறைகளைச் சரிசெய்யச் சொல்லி கோர்ட்டிலிருந்து திரும்பி வந்தது. சொத்து அட்டவணையில் செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை, சம்மன் அனுப்புவதற்கான பேட்டா கட்டவில்லை, வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, ரிட்டர்னைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது எப்படி என்று தெரியவில்லை. பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா அண்ணன்தான் கோர்ட் வராந்தாவில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கட்டணம், ஒரு டீ.

அதற்காகப் படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். பின்னால் எங்கள் ஆபீஸுக்கு வங்கி லீகல் ஒப்பீனியன் (கடனுக்கு அடமானம் வைக்கும் சொத்தின் ஆவணங்களைச் சரிபார்த்துச் சொல்வது) வேலை வந்தபோது, மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரிமை கைமாறிய சங்கிலியில் எந்த இடத்தில் கண்ணி அறுகிறது என்று பார்க்க, அங்கே படித்த சொத்து மாற்றச் சட்டப் பாடம் உதவியது. சம்பளமும் அப்போதுதான் ஏறியது. அதற்குள் நான்கு வருடம் ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் சேர நினைத்தால், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அன்றே மாறின. பாடப்புத்தகம் இன்னும் மோசடிக்கு 420, கொலைக்கு 302 என்று பழைய பிரிவு எண்களிலேயே ஓடிக்கொண்டிருந்தால், பழைய சரக்கைப் புது விலைக்கு விற்கிறார்கள்.

அடுத்து, தேதி போடச் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். செக் திரும்பி வங்கியிடமிருந்து தகவல் வந்தால் 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லையென்றால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார். இதை டைரியில் சரியாகக் குறிக்கத் தெரிந்த ஆளை எந்த வக்கீலும் விட மாட்டார். 'படித்து முடித்ததும் தனியாகப் பிராக்டிஸ் செய்யலாம்' என்று ஒருவர் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். 1961ஆம் வருட வழக்கறிஞர் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வக்கீல் தொழில் செய்ய முடியும். பாராலீகலுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. இந்தப் படிப்பைக் காட்டி எல்எல்பியில் ஒரு வருடத்தைக் கழிக்கவும் முடியாது.

சான்றிதழ் கொடுப்பது யார் என்பதும் முக்கியம். மாடியில் இரண்டு அறை வைத்து நடத்துகிறவரின் கையெழுத்தும் பல்கலைக்கழகத்தின் முத்திரையும் கம்பெனிக்காரர் கண்ணுக்கு ஒன்றல்ல. இக்னோ என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பாராலீகல் பிராக்டிஸ் என்று ஒரு டிப்ளமோ இருக்கிறது, பிளஸ் டூ போதும். தனியார் கட்டணத்தையும் அதன் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

செலவே இல்லாத வழியும் உண்டு. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு பாராலீகல் வாலண்டியர்களைத் தேர்ந்தெடுத்து இலவசமாகப் பயிற்சி தருகிறது. 2009இல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம். அது வேலை அல்ல. பணிக்கு வைத்த நாட்களுக்கு மதிப்பூதியம் மட்டும்தான். ஆனாலும் மனு எழுதுவதும், சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் அங்கே கிடைக்கும்.

டைப்பிங் பற்றி ஊரே சொல்லும், நானும் சொல்கிறேன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்பிங் தேர்வில் லோயர் என்ற இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்ற முதுநிலைக்கு 45. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் பாஸ் என்றால் வக்கீல் ஆபீஸ் கதவு திறக்கும். டிஎன்பிஎஸ்சி டைப்பிஸ்ட் வேலைக்கும் அதே சான்றிதழ் கைகொடுக்கும். இது பாராலீகல் நோட்டீஸில் வராது.

டிகிரி முடித்தவர், ஏற்கெனவே வங்கியிலோ கம்பெனியிலோ ஆவணப் பிரிவில் இருப்பவர், பதவி உயர்வுக்கு ஒரு தாள் வேண்டும் என்பவர் பணம் கட்டலாம். வக்கீலாகவே ஆக ஆசை இருப்பவர் அந்த 58,000த்தை எல்எல்பிக்கு எடுத்து வைக்கட்டும்.

அண்ணன் மகள் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், இன்னும் தூக்கிப் போடவில்லை. காலை ஏழு மணிக்கு டைப்பிங் வகுப்பு, பத்து மணிக்குக் கடை. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் ஆபீஸுக்கு வந்து, கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வாய்தா தேதி பார்த்துத் தருகிறாள். நேற்று ஒரு வழக்கின், எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணில் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) நான் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, "அத்தை, இது யாரோட கேஸ்?" என்று சிரித்தாள்.