அபூர்வமான குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

என் சித்தி மகள் தன் ஆண் குழந்தைக்கு 'சாமர்வெல்' என்று பெயர் வைக்கப் போகிறாள். அது ஓர் ஆங்கிலேய டாக்டரின் குடும்பப் பெயர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர் அந்த டாக்டர். அப்புறம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தார். எங்கள் பாட்டாவுக்கு எட்டு வயதில் ஆப்பரேஷன் செய்து பிழைக்க வைத்ததும் அவர்தான்.

இப்படி ஒருவரின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்குச் சொந்தப் பெயராக வைப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதிதில்லை. மார்த்தாண்டம் பஸ்ஸில் நெல்சன், எடிசன், மில்டன் என்று கூப்பிட்டுப் பாருங்கள், யாராவது திரும்புவார்கள். கோட்டாறு சவேரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இட்ட பெயர் பிரான்சிஸ். சவேரியார் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயரிலிருந்து வந்தது. பாஸ்க் மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள், அதாவது நம் ஊர்ப் புத்தன்வீடு! இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, தாராளமாக வைக்கலாம். ஆனால் கேட்டுப் பழகிய நெல்சனுக்கு வராத சிக்கல் சாமர்வெல்லுக்கு வரும்.

பெரிய தவறு நடப்பது பாஸ்போர்ட் விண்ணப்பத்தில். அதில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயர் ஸ்டீபன் என்றால் பிள்ளை 'சாமர்வெல் ஸ்டீபன்'. விண்ணப்பம் நிரப்புகிறவருக்கு இது தலைகீழாகத் தெரியும். சாமர்வெல்லைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் ஸ்டீபனைச் சொந்தப் பெயர்க் கட்டத்திலும் போட்டுவிடுவார். அதன்பிறகு வெளிநாட்டில் பிள்ளையை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள். இந்தக் குழப்பத்துக்குப் பயந்து குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவதும் தவறு. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு வருகிறவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வளைகுடாவை நம்பி இருக்கிற ஊர் நம்முடையது. சொந்தப் பெயர் சாமர்வெல், குடும்பப் பெயர் ஸ்டீபன். இதை நீங்களே எழுதிக் கொடுங்கள், ஆதாரிலும் பள்ளியிலும் அதே வரிசை இருக்கட்டும்.

அடுத்தது எழுத்து. 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் ஊழியம் செய்த ரிங்கல்தௌபேயின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் காட்டுப்புறா என்று அர்த்தம். அழகான பெயர்தான், ஆனால் தமிழில் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்த பிறகே பதிவுக்குப் போங்கள். அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஒரு எழுத்து பிசகினால் கூடவே வரும்.

கேட்க நன்றாயிருக்கிறதே என்று யாருடைய பெயரையும் எடுக்கவும் வேண்டாம். பெர்னாண்டோ, டி குரூஸ் எல்லாம் போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து கடற்கரைக் குடும்பங்களில் வாழ்கிற பெயர்கள். தக்கலைப் பிள்ளைக்கு வைத்தால், 'எந்தக் கடற்கரை, முட்டமா, குளச்சலா?' என்ற கேள்விக்குக் காலமெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சாதியைச் சொல்லும் பட்டப் பெயர்கள் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக, வீட்டில் எல்லோரும் பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் தடுமாறாமல் சொன்னவர் பாட்டா ஒருவர்தான். எண்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிப் பழகிய வாய். மற்றவர்களுக்கு இப்போதைக்கு அவன் 'சாமு'.